அஞ்சு கட்டை, அஞ்சு எச்.பி.

எங்கள் கல்லூரியில் தமிழ் இலக்கியத் துறை கீழ்த்தளத்தில் இருந்தது, இசைத் துறை மாடியில். நான் சேர்ந்த பட்டப்படிப்பு இரண்டுக்கும் பொது. விண்ணப்பப் படிவத்தில் அந்தப் படிப்பின் பெயருக்கு நடுவே ஒரு கூட்டல் குறி போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கூட்டல் குறி நடைமுறையில் இருபத்திரண்டு படிக்கட்டுகள் என்று. கீழே வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தில் மேலே சரளி வரிசை பாடிக்கொண்டிருப்போம். மேலே ஆளைத் தேடும்போது கீழே யாப்பு படித்துக்கொண்டிருப்போம். எங்கள் வகுப்பில் மொத்தம் ஆறு பேர். இரண்டு துறைகளிலும் எங்களுக்கு ஒரே பெயர்தான்: "அந்த ஆறு பேர் எங்க?"

நான் இரண்டு நோட்டு வைத்திருந்தேன். நீல அட்டை இலக்கியத்துக்கு, பச்சை அட்டை இசைக்கு. ஒன்றில் எழுத வேண்டியதை இன்னொன்றில் எழுதியதே இல்லை. ஒரே ஒரு நாள் மட்டும் எந்த நோட்டில் எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அதற்கு முன் எங்கள் கழனியில் இருந்த மோட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வில்லியனூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை செய்தேன். சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் மேசை என்னுடையது. ஒரு போர்டுக்குப் பதினான்கு சோதனை. தேறினால் பச்சை ஸ்டிக்கர், தேறாவிட்டால் சிவப்பு. சிவப்பு ஒட்டினால் பக்கத்தில் காரணத்தையும் எழுத வேண்டும். அந்த வேலை பிடித்திருந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. உண்மையாகவே பிடித்திருந்தது. ஆனால் பள்ளியில் ஐந்து வருடம் காலை வணக்கப் பாட்டைத் தொடங்கி வைத்தவள் நான். பாகூர் நூலகத்தில் ஒரு அட்டைக்கு மூன்று புத்தகம்தான் என்பதால் அம்மா பேரிலும் அட்டை வாங்கியவள் நான். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சொல்லித் தருகிறார்கள் என்று தெரிந்த பிறகு சோதனை மேசையில் மனம் நிற்கவில்லை.

அப்பா சரி என்றுவிட்டார். அம்மாதான் நிபந்தனை போட்டார்.

"மூணு வருஷம் தர்றேன். ஆனா பாட்டுல பெயிலாயிட்டு, வெறும் தமிழ மட்டும் படிக்கிறேன்னு நின்னுகினு இருக்கக் கூடாது. வெறும் தமிழ்னா தபால்லயே படிச்சிக்கலாம். கம்பெனிக்கும் போயிக்கலாம்."

அம்மா சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கல்லூரி விதியும் கிட்டத்தட்ட அதேதான். முதல் பருவத்தின் இசைச் செய்முறைத் தேர்வில் தவறினால் இரண்டாம் பருவத்தில் ஒரு துணைத் தேர்வு உண்டு. அதிலும் தவறினால் இசை போய்விடும், இலக்கியம் மட்டும் மிஞ்சும். என் கணக்கில் அப்படி மிஞ்சினால் கல்லூரியே போய்விடும்.

எங்கள் வீடு செலியமேட்டில். தெருவில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். முதல் வாரம் விடியற்காலையில் எழுந்து பின்கட்டில் உட்கார்ந்து பாட்டுச் சாதகம் செய்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"இன்னாடி, யாருனா பூட்டாங்களா? சொல்லவே இல்ல?"

என் சரளி வரிசை அவருக்கு ஒப்பாரியாகக் கேட்டிருக்கிறது. அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாதான் வழி சொன்னார். "கழனிக்கு வந்துடு. மோட்டார் கொட்டாயில குந்திகினு பாடு. கேக்கறதுக்குக் கரும்பு மட்டுந்தான் கீது."

எங்கள் பக்கம் மோட்டார் ஓட்டும் த்ரீ பேஸ் கரண்டு அப்போது காலை ஆறு மணிக்கு வரும். அப்பா சரியாக ஆறுக்குப் போய் மோட்டாரைப் போடுவார். அஞ்சு எச்.பி. மோட்டார், தாத்தா காலத்துக்குப் பிறகு மூன்று தடவை காயில் எரிந்து, புதுக் கம்பி சுற்றிக் கட்டியது. அப்பா மடை திறக்கப் போய்விடுவார். நான் கொட்டகைக்குள் ஒரு உரச் சாக்கைப் போட்டு உட்கார்ந்து ஏழரை வரை பாடுவேன். மோட்டார் சத்தத்துக்கு மேல் என் குரல் எனக்குக் கேட்க வேண்டும் என்பதால் நன்றாக வாயைத் திறந்து பாடினேன். போனில் இருந்த சுருதிப் பெட்டிச் செயலி அந்தச் சத்தத்தில் கேட்கவே இல்லை. ஆனால் மோட்டாரின் இரைச்சலே ஒரே நிலையில் நின்று, தம்புரா போலத் துணைக்கு இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பாடினேன். ஐந்து மாதம் அப்படி. என் குரல் வளர்ந்துவிட்டது என்று பச்சை நோட்டில் எழுதிக்கூட வைத்தேன்.

வகுப்பில் மட்டும் ஏதோ சரியில்லை. அதை முதலில் சொன்னவள் நல்லவாட்டிலிருந்து வந்த தோழி. அவள் அப்பா படகு வைத்திருக்கிறார். கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் கேட்க வேண்டும் என்பதால் தங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது என்பாள். அன்றும் மாடி வராந்தா முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள்.

"ஏய், நீ நல்லாத்தான்டி ஆரம்பிக்கிற. ரெண்டு நிமிஷம் போனா மாடி ஏறிடுற."

"எந்த மாடி?"

"சுருதிடி. நாங்க எல்லாம் கீழ நிக்கறோம். நீ மேல போயி எட்டிப் பாக்குற."

நான் நம்பவில்லை. முதல் பருவத் தேர்வு நம்ப வைத்தது. இசைத் துறையில் பெண்களுக்கு ஐந்து கட்டை சுருதி என்று வைத்திருந்தார்கள். தேர்வு அறையில் இருந்த சுருதிப் பெட்டியில், நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் திருகை யாரும் தொடக் கூடாது என்று அதன் மேல் டேப் ஒட்டியிருப்பார்கள். பெட்டி அதன் இடத்திலேயே நின்றது. நான்தான் நிற்கவில்லை. மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு எதிரே எழுதியிருந்த காரணம் இரண்டே சொல்: "சுருதி விலகல்." சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் காரணம் எழுதிய இரண்டு வருடத்தில், அதை வாங்குகிற பக்கம் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "இன்னொரு தடவ இருக்குது இல்ல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குள் தொழிற்சாலை வேன் வந்து தெருமுனையில் நிற்பது எனக்குத் தெரிந்தது.

அழுது முடித்ததும் பட்டியல் போட்டேன். பழுது பார்க்கும்போது செய்வது அதுதான். காது கோளாறா, மூச்சு போதவில்லையா, பயமா, பெட்டியா? ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். வகுப்பில் போனில் பதிந்து வைத்திருந்த என் பாட்டுகளை ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் ஒரு செயலியில் போட்டுப் பார்த்தேன். ஐந்து கட்டை என்றால் என் ஸட்ஜம், அதாவது அடிப்படை 'ஸ', வினாடிக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு அதிர்வில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் அங்கே தொடங்கி, மெல்ல ஏறி, இருநூறில் போய் நின்றிருந்தேன். பயத்தால் வரும் பிழை ஒரு நாள் மேலே போகும், ஒரு நாள் கீழே போகும். இது ஒன்பது பதிவிலும் இருநூறு. யாரோ எனக்குச் சொல்லிக் கொடுத்தது போல இருந்தது.

மறுநாள் காலை கொட்டகையில் உட்கார்ந்து, பாடுவதற்கு முன்பே செயலியைத் திறந்துவிட்டேன். நான் வாயே திறக்கவில்லை. திரையில் ஒரு கோடு உயர்ந்து நின்றது. இருநூறு.

டிப்ளமோ படித்தவளுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். நம் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது தடவை அலையும். அதில் ஓடும் மோட்டார் அதன் இரட்டிப்பில் உறுமும், நூறில். அந்த நூறின் மேல் ஸ்தாயி இருநூறு. ஐந்து மாதம் நான் குருவாக வைத்துக்கொண்டது காயில் கட்டிய ஒரு மோட்டாரை. ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவில், எந்த ஆர்மோனியத்திலும் இல்லாத ஒரு கட்டையில் என் குரல் குடியேறியிருந்தது.

செயலி காட்டிய வரைபடத்தை அச்செடுத்து இசை ஆசிரியையிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும்.

"எல்லாரும் தம்புரா வச்சிகிட்டு சாதகம் பண்ணுவாங்க. நீ அஞ்சு எச்.பி. வச்சிகிட்டு பண்ணியிருக்கியேமா!"

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பெட்டியில திருகைத் திருப்பி உனக்கு ஏத்த மாதிரி வச்சிடலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனா நாளைக்கு வயலின்காரர் வந்து உட்காந்தா என்ன பண்ணுவ? அவரையும் மோட்டாருக்குச் சுருதி சேக்கச் சொல்லுவியா? ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. காரணம் தெரிஞ்சிட்டா சரியாயிடும்னு நெனைக்காத."

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். பழுது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்று சோதனை மேசை எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நானே வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவர் வரைபடத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மோட்டாரு பாடுதா?" என்று ஒரு தடவை கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் வேறு இடம் கிடைக்காமல் நான் சாக்கைப் போட்டு உட்கார்ந்ததும் ஸ்டார்ட்டரின் சிவப்புப் பித்தானை அழுத்திவிட்டார்.

மோட்டாரை நிறுத்துவது என்றால் பித்தானோடு முடிவதில்லை. எங்கள் மோட்டாருக்கு அடிவால்வு சரியாகப் பிடிக்காது. நிறுத்தினால் குழாயில் இருக்கும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். திரும்பப் போட வேண்டுமானால் வாய்க்காலிலிருந்து எட்டு, பத்து குடம் மொண்டு ஊற்றிக் குழாயை நிரப்ப வேண்டும். மாசி மாதம், கரும்புக்குத் தண்ணீர் கட்டும் நேரம். த்ரீ பேஸ் கரண்டு போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

"வேணாம்ப்பா. தண்ணி நின்னுடும்."

"அர மணி நேரம் தண்ணி இல்லன்னா கரும்பு இன்னா செத்தா பூடும்? நீ பாடு."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் முடித்ததும் குடத்தை எடுத்தார். நானும் இன்னொரு குடத்தை எடுத்தேன். துணைத் தேர்வுக்கு முந்தைய ஐந்து வாரமும் அப்படித்தான் நடந்தது. அந்த ஐந்து வாரத்தில் அவர் ஒரு நாளும் "இன்னும் எத்தினி நாளு?" என்று கேட்கவில்லை. என் பட்டியல்களில் எழுதாமல் விட்ட ஒரே கணக்கு அந்தக் குடங்கள்தான். எழுதினால் சின்னதாகிவிடும் என்று தோன்றியது.

ஆனால் ஆசிரியை சொன்னதுதான் நடந்தது. மோட்டார் நின்ற பிறகும் நான் ஏறினேன். சத்தம் கொட்டகையை விட்டுப் போனது, என்னை விட்டுப் போகவில்லை. இரண்டாம் வாரம், இருநூறு. மூன்றாம் வாரம், நூற்றுத் தொண்ணூற்றொன்பது. தோழி மாடிப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பரவால்லடி, ஒரு படி எறங்கிட்ட" என்றாள். ஆறுதல் என்றுதான் நினைத்துச் சொன்னாள்.

நான்காம் வாரம் இலக்கிய வகுப்பில் வெண்பா. எங்கள் இலக்கிய ஆசிரியருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாடலுக்கும் மூன்று தடவை வாய்விட்டு வாசிக்காமல் பொருள் சொல்ல மாட்டார். வாசிக்கும்போது ஒவ்வொரு அடி முடிவிலும் சாக்பீஸைத் தூக்கிப் பிடிப்பார். அது கீழே இறங்கும் வரை அடுத்த அடிக்குப் போகக் கூடாது. அதற்கு முன் பல தடவை அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அன்று வாசிக்கும் முறை எனக்கு வந்தது. முதல் அடியை முடித்த கையோடு இரண்டாம் அடிக்குள் ஓடினேன்.

"நில்லு, நில்லு. எங்க ஓடுற? பஸ்ஸு பூடுமா?" வகுப்பு சிரித்தது. "அடி முடிஞ்சிடுச்சு இல்ல? எழுதினவரு அங்க உனக்கு எடம் வுட்டிருக்காரு. அங்க நின்னு, நீ இன்னா சொன்னன்னு நீயே கேளு. அப்புறம் அடுத்ததுக்குப் போ."

மறுபடி வாசித்தேன். அடி முடிந்தது. சாக்பீஸ் மேலே நின்றது. நானும் நின்றேன். மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சத்தம் கேட்டது. மாடியில் யாரோ ஜண்டை வரிசை பாடுவது கேட்டது. இவ்வளவு நேரமும் அவை கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. கொட்டகையில் நான் ஒரு தடவைகூட நின்றதில்லை. நின்றாலும் அங்கே அமைதி இல்லை, மோட்டார் வந்து நிரப்பிவிடும். அதனால் விடாமல் பாடவே பழகியிருந்தேன். மோட்டாரை நிறுத்திய பிறகும் அதே ஓட்டம். பெட்டி என்ன சொல்கிறது என்று கேட்க எனக்கு நான் நேரமே கொடுக்கவில்லை. பாடிக்கொண்டே கேட்க என் காதுக்கு இன்னும் வரவில்லை. பாடி முடித்துக் கேட்க மட்டும் வரும்.

அன்றுதான் எந்த நோட்டில் எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கையில் எழுதிக்கொண்டேன்: "அடி முடிவில் நில். கேள்." அந்தக் கையோடு இருபத்திரண்டு படி ஏறினேன்.

இரட்டைப் பட்டம் படிக்கும் எங்கள் ஆறு பேருக்கு மட்டும் செய்முறைத் தேர்வில் ஒரு கூடுதல் பகுதி உண்டு. பாடத்திட்டத்தில் உள்ள ஒரு பாடலை விருத்தமாக, அதாவது தாளம் இல்லாமல் ராகத்தில் மட்டும் பாட வேண்டும். அதுவரை அதைக் கூடுதல் சுமையாகத்தான் நினைத்திருந்தேன். தாளம் இல்லையென்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். வகுப்பில் வாசித்த அதே வெண்பாவை எடுத்துக்கொண்டேன்.

துணைத் தேர்வு ஒரு முற்பகலில் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், எங்கள் ஆசிரியை, மேசை மேல் டேப் ஒட்டிய பெட்டி. வரிசைகளையும் கீதத்தையும் எப்படியோ கடந்தேன். இரண்டு இடத்தில் ஏறியது எனக்கே தெரிந்தது. பிறகு விருத்தம். முதல் அடி. நின்றேன். பெட்டியைக் கேட்டேன். கொஞ்சம் மேலே இருந்தேன். மனதுக்குள் இறங்கிவந்து இரண்டாம் அடியைத் தொடங்கினேன். இரண்டாம் அடி முடிவில் மறுபடி ஏறியிருந்தேன், முன்னைவிடக் குறைவாக. மறுபடி நின்றேன், இறங்கினேன். மூன்றாம் அடியில் ஏறவில்லை.

வெண்பாவின் கடைசி அடிக்கு மூன்றே சீர். மற்ற அடிகளில் நான்கு. நான்காவது சீர் வர வேண்டிய இடம் காலியாக இருக்கும். மூன்றாம் சீரை ஸட்ஜத்தில் நிறுத்திவிட்டு, அந்தக் காலி இடம் முழுவதும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். என் குரல் விட்ட இடத்திலிருந்து பெட்டி அப்படியே தொடர்ந்தது. நடுவில் படியே இல்லை.

தேர்வாளர் பேனாவை மூடினார். "ஒவ்வொரு அடிக்கும் ஏன்மா இவ்வளவு நேரம் நின்ன?"

"கேக்கறதுக்கு மேடம்."

"யார் சொன்னா?"

"கீழ் மாடியில" என்றேன். கீழே மாடி ஏது என்று பிறகுதான் தோன்றியது. எங்கள் ஆசிரியை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்க.

தேறினேன். தேறுவதற்கு வேண்டியதைவிட மூன்று மதிப்பெண் கூட. அம்மாவுக்குப் போன் செய்தபோது, "அப்ப கம்பெனி வேன்காரன் வுனக்காக நிக்க வேணாம்" என்றார். பிறகு சாயங்காலத்துக்கு இன்னா செய்யட்டும் என்று கேட்டார். நல்லவாட்டுத் தோழி மாடியிலிருந்தே கத்தினாள், கீழே இலக்கிய வகுப்பு நின்றுபோகும் அளவுக்கு. அந்த வகுப்பை எடுத்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்து மேலே பார்த்து, சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தார். அவள் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கொட்டகைக்குப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பழக்கத்தில் சிவப்புப் பித்தானுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"ஓடட்டும்ப்பா."

"மறுபடி அதுங்கூடவே பூடப் போற."

"போனா திரும்பி வந்துடுவேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மடைக்குப் போனார். போனில் சுருதிப் பெட்டிச் செயலியைப் போட்டு, காதொலிப்பானைச் செருகி ஒரு காதில் வைத்துக்கொண்டேன். ஒரு காதில் ஐந்து கட்டை, இன்னொரு காதில் மோட்டார். ஐந்து கட்டையில் ஸட்ஜத்தைப் பிடித்து நீட்டினேன். என் குரலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் காற்று விட்டுவிட்டு அதிர்ந்தது. வினாடிக்கு நான்கு துடிப்பு. இரண்டு ஒலிகள் அருகருகே இருந்தும் ஒன்றாக இல்லாதபோது அப்படித்தான் கேட்கும். அந்த அதிர்வு ஐந்து மாதத்தில் ஒரு நாளும் எனக்குக் கேட்டதில்லை. நான் மோட்டாரிலேயே நின்றிருந்தேன், அதனால் கேட்க வழியில்லை.

அடி முடிந்ததும் நின்றேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் விழுந்து, வாய்க்காலில் இறங்கி, அப்பா வெட்டிவிட்ட மடை வழியாகக் கரும்புக்குப் போவது வரைக்கும் கேட்டது. பிறகு அடுத்த அடியைத் தொடங்கினேன்.